ஒழுகுவது எண்ணெய் மட்டுமா?

மோட்டார் சைக்கிளின் பின்புறத்து ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகினால் என்ன செய்ய வேண்டும்? இக்கேள்வியை நம் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். "கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி வாங்கிப் போடு" என்பார்கள் பலர். "ஒழுகினால் ஒழுகட்டும், வண்டி ஓடுகிறதல்லவா?" என்பார்கள் சிலர். "பிரித்துப் பார்; எதனால் ஒழுகுகிறது என்று கண்டுபிடி; சரி செய்து மறுபடி பூட்டு" என்று சொல்வாரைக் காண்பது அரிது. அந்த அரிய விடையே சரியான விடை என்பது என் துணிபு. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவிதையும் கதையும் மணக்கும் ஆண்டு மலரில் எண்ணெய்ப் பிசுக்குக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த முகச் சுளிப்பும் இக்கட்டுரையின் பொருளில் ஒரு பகுதியே. ஆகவே பொறுத்திருந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

வில்லும் எண்ணெயும்

இந்தக் கருவி செய்யும் வேலை என்ன? தமிழில் இதனை 'அதிர்ச்சி ஏற்பி' என்று எழுதுகிறார்கள். உண்மையில் அதிர்ச்சியை ஏற்பது வெளியே நம் கண்ணுக்குத் தெரியும் சுருள்வில்தான். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் அமுங்கி, அந்த ஆற்றலைத் தன்னுள் வாங்கிக் கொள்கிறது. ஆனால் வாங்கியதை வைத்துக் கொள்ளும் குணம் வில்லுக்கு இல்லை; உடனே திருப்பித் தந்துவிடும். தடுப்பார் இல்லையென்றால் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக் கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டத்தை அடக்குவது உள்ளே மறைந்திருக்கும் எண்ணெய். ஒரு குழல், அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சில நுண்துளைகள், அத்துளைகளை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள் ஆகியவையே இதன் உள்ளுறுப்புகள். எண்ணெய் அந்த நுண்துளைகளின் வழியே நெருக்கிக் கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மேடுபள்ளமான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி அந்தக் குழலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். சாலை கொடுத்த குலுக்கல் அங்கே சூடாகிக் காற்றில் கலக்கிறது என்று பொருள். ஆங்கிலேயர் இதனை 'டாம்பர்' என்பர். தணிப்பான் என்ற பொருள் தரும் அந்தப் பெயரே இதற்குப் பொருத்தமானது.

இயற்பியல் வகுப்பில் கட்டற்ற அலைவு, தடையுறு அலைவு என்று இரண்டைப் படிக்கிறோம். பாய்சுவாய் முறையில் நீரின் பாகியல் எண்ணைக் கண்டறியும் சோதனையையும் ஆய்வகத்தில் செய்கிறோம். அழுத்தம் மாறாதிருக்க, நுண்குழலின் ஆரம் பாதியானால் பாயும் நீர் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்று குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஷாக் அப்சார்பரின் துளை ஆய்வகத்து நுண்குழலைப்போல் நீண்டதன்று. எனவே அச்சமன்பாடு இங்கே அப்படியே பொருந்தாது. ஆயினும் துளை சிறிது மாறினாலும், எண்ணெயின் பாகுத்தன்மை சிறிது மாறினாலும் வண்டியின் நடை முழுவதும் மாறிவிடும் என்ற அடிப்படை உண்மை ஒன்றே. நாம் குறிப்பேட்டில் எழுதியதைத்தான் இரண்டு குழல்கள் நம் இருக்கைக்கு அடியில் நாள்தோறும் செய்து காட்டிக் கொண்டிருக்கின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சக்கரம் மேலே ஏறும்போது எண்ணெய் தரும் தடை குறைவு. வில் விரிந்து திரும்பும்போது தடை அதிகம். ஏறும்போதே கடுமையாகத் தடுத்தால் சாலையின் அடி நேரே முதுகெலும்பில் விழும். திரும்பும்போது தடுக்காவிட்டால் வில் நம்மைத் தூக்கி எறியும். துளைகளின் மேல் அமர்ந்திருக்கும் மெல்லிய தகடுகள்தாம், எந்தத் திசையில் எவ்வளவு எண்ணெயை விடுவது என்று தீர்மானிக்கின்றன.

இத்தகைய எண்ணெய்த் தணிப்பு மோட்டார் சைக்கிளுக்கு வந்தது வண்டி பிறந்த பல ஆண்டுகளுக்குப் பின்பே. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியின் முன்சக்கரத்துக்கு எண்ணெய்த் தணிப்புள்ள போர்க்குகளைப் பொருத்தியது. அந்நாளைய வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்தே இருந்தது. இருக்கையின் அடியிலிருந்த வில் ஒன்றே ஓட்டுபவருக்குத் துணை. 1948-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், ஸ்விங் ஆர்மும் எண்ணெய்த் தணிப்பும் கொண்ட பின்சக்கரத்தோடு புல்லட் வண்டியைப் போட்டிக் களத்தில் இறக்கியது. அந்தப் புல்லட்டை நம் மண்ணில் உருவாக்க 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. சென்னையை அடுத்த திருவொற்றியூர் அதன் இருப்பிடமாயிற்று. ஆக, இந்தக் கருவி தமிழகத்துப் பட்டறைகளுக்கு அறிமுகமாகி எழுபது ஆண்டுகள் ஆகின்றன.

ஒழுகினால் என்ன?

"கொஞ்சம் எண்ணெய் போனால் குடியா மூழ்கிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணெய் போனால் சொகுசு மட்டும் போவதில்லை, பிடிப்பும் போகிறது. தணிப்பில்லாத சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் துள்ளிக் கொண்டே செல்லும். தரையை விட்டு எழும்பிய கணத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. இரண்டில் ஒன்று மட்டும் ஒழுகினால் இடமும் வலமும் வெவ்வேறாக வேலை செய்து, வளைவுகளில் வண்டியின் பின்பாகம் ஆட்டம் காணும். ஒழுகிய எண்ணெய் டயரில் பட்டால் ஆபத்து இரட்டிப்பாகும்.

நம் மாணவர்களில் பலர் அப்பாவின் பழைய வண்டியில்தான் கிராமத்திலிருந்து வருகிறார்கள். காலையில் பால் கேனைச் சுமந்த வண்டியே பிறகு கல்லூரிக்கு வருகிறது. பின்னால் தங்கையும் அமர்ந்திருக்கிறாள். இத்தகைய வண்டிகளில்தான் ஒழுகலும் அதிகம், கவனிப்பும் குறைவு. இது உயிரோடு விளையாடும் விஷயம் என்பதை மறந்துவிடக் கூடாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. இருக்கையின் பின்புறத்தைப் பலங்கொண்டு அழுத்திச் சட்டென விடுங்கள். வண்டி எழுந்து அநேகமாக ஒரே மூச்சில் நின்றுவிட்டால் நலம். மூன்று நான்கு முறை ஆடி நின்றால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கக் கூடும். அடுத்து ராடைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டாக வடிந்து புழுதி அப்பியிருந்தால் அது ஒழுகல்.

பிரித்தபோது கண்டது

எங்கள் வீட்டில் ஒரு பழைய யெஸ்டி இருக்கிறது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்த வண்டி அது. அந்தத் தொழிற்சாலை 1996-இல் ஓய்ந்துவிட்டது. வண்டியின் வலப்பக்கத்து ஷாக் அப்சார்பர் ஒழுகத் தொடங்கியபோது, எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவருக்கு எடுபிடியாக இருந்து, அதைப் புதுப்பிக்கும் வேலை முழுவதையும் பார்த்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

ஒழுகியது ஒன்றே ஆனாலும் இரண்டையும் கழற்றினார். ஒன்றைப் புதுப்பித்து மற்றதைப் பழையபடி விட்டால் இரண்டும் ஒத்துப் போகாது என்பது அவர் வாதம். முதல் வேலை வில்லை அடக்குவது. இவ்வில் கழற்றி வைத்த நிலையிலும் அமுங்கியே இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மில்லிமீட்டர் அமுங்க 15 நியூட்டன் விசை தேவைப்படும் வில்லை 40 மில்லிமீட்டர் அமுக்கினால் விசை 600 நியூட்டன். ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. அது கை நழுவினால் முகம் தப்பாது. ஆகவே இரும்புக் கவ்வி ஒன்றால் வில்லை இறுக்கிப் பிடித்த பிறகே மேலுள்ள இரண்டு பிறைத் துண்டுகளை வெளியே எடுத்தார்.

பின்னர் மண்ணெண்ணெயால் வெளிப்புறத்தைக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்தார். உள்ளே ஒரு மணல் துகள் போனாலும் வேலை கெட்டுவிடுமாம். அடிப்பக்கத்து வளையத்தை வைஸில் பிடித்தார், குழலைப் பிடிக்கவில்லை. குழல் சிறிது நசுங்கினாலும் பிஸ்டன் சிக்கிக் கொள்ளும். மேலே மரையுள்ள மூடியைத் திறந்து ராடை உருவி, எண்ணெயைக் கண்ணாடிக் கிளாசில் வடித்தார். கறுத்து, நீர்த்து, அடியில் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது. உலோகம் தேய்ந்த பொடி அது.

"சீல் போயிடுச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"சீல் ஒழுகல தம்பி, ராடுதான் ஒழுகுது," என்றார் அவர். என் விரலைப் பிடித்து நகத்தால் ராடின் மேல் வருடச் சொன்னார். குரோம் பூச்சில் அங்கங்கே கடுகினும் சிறிய குழிகள் நகத்தில் தட்டின. "வெறும் சீல மாத்திக் குடுத்தா ரெண்டு மாசத்துல திரும்ப வந்து நிப்ப. அப்போ சீலத் திட்டுவ, இல்லாட்டி என்னத் திட்டுவ."

அவர் சொன்னதை எண்ணிப் பாருங்கள். சீல் என்பது ராடைச் சுற்றி உதடுபோல் கவ்விப் பிடிக்கும் ரப்பர் வளையம். கனிம எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறிப் பெருத்துவிடும் என்பதால் நைட்ரைல் ரப்பரால் அதைச் செய்கிறார்கள். துருப்பிடித்துக் குழி விழுந்த ராடு அந்த உதட்டின் மேல் அரம்போல் ஏறி இறங்குகிறது, உதடு கிழிகிறது, எண்ணெய் வெளியேறுகிறது. ராடு ஏன் துருப்பிடித்தது? புழுதி மறைப்பு உடைந்து, மழை நீரும் சேறும் ராடில் தங்கியதால். குழிகள் ஏன் ஒரு பக்கமே மிகுதி? மேல் வளையத்து ரப்பர் புஷ் நைந்து, ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்து உராய்ந்ததால் அங்கே பூச்சு முதலில் தேய்ந்திருந்தது. ஆக நோய் ஓரிடம், வலி வேறிடம். மிக மலிவான புழுதி மறைப்பு ஒன்று உடைந்ததில் தொடங்கிய கேடு, எண்ணெய்ச் சொட்டாக நம் கண்ணில் பட்டிருக்கிறது.

ராடு லேத் பட்டறைக்குச் சென்றது. அது வளைந்திருக்கிறதா என்பதைக் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்த்த பிறகு, மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்து, ஹார்டு குரோம் பூசி, பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். சீலின் மேல் மூன்று எண்கள் அச்சாகியிருந்தன: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அம்மூன்றும் பொருந்தினால் போதும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடுவதை மற்ற ஊர்க்காரர்கள் தத்தம் கடைத்தெருவில் தேடலாம்.

பூட்டும் வேலையில்தான் கைப்பக்குவம் தெரிந்தது. ராடின் முனையிலுள்ள மரை சீலின் உதட்டைக் கிழித்துவிடாதபடி, முனையில் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி, எண்ணெய் தடவிச் சீலை நுழைத்தார். உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாம் வீண். எண்ணெயைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றினார். "முழுசா ஊத்தினா பூட்டிக்கும்," என்றார்.

ஏன் பூட்டிக் கொள்ளும்? ராடு 10 மில்லிமீட்டர் விட்டமுள்ளது என்று கொள்வோம். அது 80 மில்லிமீட்டர் உள்ளே இறங்கினால் ஆறு மில்லிலிட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தை அடைத்துக் கொள்ளும். அந்த அளவு எண்ணெய் ஒதுங்க வெளிக்குழலில் காற்றிடம் இருந்தாக வேண்டும். எண்ணெய் எளிதில் அமுங்காத பொருள். ஒதுங்க இடமில்லையென்றால் ஒன்று ராடு நின்றுவிடும், அல்லது புதுச் சீல் பிய்த்துக் கொண்டு போகும். இதை நாம் பாஸ்கல் விதி, திரவங்களின் அமுங்காமை என்றெல்லாம் பெயரிட்டு எழுதுகிறோம். அவர் 'பூட்டிக்கும்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பிறகு நிமிர்த்திப் பிடித்து ராடை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கி, உட்குழலில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். ஏற்றி இறக்கும் வழி நெடுக ஒரே சீரான தடை கைக்குத் தெரிய வேண்டும். இடையே 'பொசுக்'கென்று இளகினால் காற்று இன்னும் இருக்கிறது. இரவு முழுவதும் வெள்ளைத் தாளின் மேல் கிடத்தி வைத்தார். காலையில் தாளில் கறை இல்லை. அதன் பிறகே வண்டியில் ஏற்றினார்.

கூலிக்குப் பேரம்

இவ்வளவு செய்ய முடியும் என்றால் பட்டறைகளில் இதை ஏன் செய்வதில்லை? "இப்பல்லாம் யாரும் இதக் கேக்கிறதில்ல தம்பி" என்பது அவர் பதில். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். புது ஜோடி விலை ஆயிரக் கணக்கில் என்றாலும் அச்சிட்ட அட்டைப் பெட்டியைப் பார்த்தவுடன் வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். அதே நாம், அரை நாள் உழைப்புக்குக் கூலி கேட்டால், "ஒரு ரப்பர் வளையம் மாத்த இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். பெட்டிக்குத் தரும் மரியாதையை அறிவுக்குத் தருவதில்லை. பொருளை விற்றால் லாபம், அறிவை விற்றால் வசவு என்றானபின் எந்தத் தொழிலாளி ராடை நகத்தால் வருடிப் பார்த்துக் கொண்டிருப்பார்?

ஆகவே ஒழுகுவது எண்ணெய் மட்டுமன்று. ஒரு தலைமுறையின் கையறிவும் சொட்டுச் சொட்டாக ஒழுகிக் கொண்டிருக்கிறது. 'மாற்றிவிடு' என்ற ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் எழுதித் தரும் பழக்கம் வந்துவிட்டால், 'ஏன் ஒழுகியது?' என்ற கேள்வியே எழாது. உடைந்த புழுதி மறைப்போடும் நைந்த புஷ்ஷோடும் பூட்டப்படும் புது ஷாக் அப்சார்பர், பழையது சென்ற வழியிலேயே செல்லும். கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்ப்பதற்கென்றே அமைந்த கல்லூரியில் படிக்கும் நாம், இதைக் கண்டு வாளாவிருக்கலாமா?

பிரிக்க முடியாத பொருள்கள்

குற்றம் வாங்குவோரிடம் மட்டும் இல்லை. புது ஷாக் அப்சார்பர்கள் பலவற்றில் மரையுள்ள மூடியே கிடையாது. குழலின் விளிம்பை மடித்து நசுக்கி மூடிவிடுகிறார்கள். விரைவாகவும் மலிவாகவும் செய்ய அது ஏற்ற முறையென்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறு சீல் கெட்டாலும் வில், குழல், ராடு என எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பும் முறையும் அதுவே.

பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுது பார்க்கும் உரிமையும் உண்டு என்ற குரல் உலகெங்கும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் மோட்டார் வாகனங்களுக்கென இத்தகைய சட்டம் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் வீட்டு உபயோகப் பொருள்கள் சிலவற்றின் பழுது நீக்கம் குறித்து நெறிமுறை வகுத்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் இதற்கெனக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கையும் அது எடுத்துக் கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் பிரிக்கத் தெரிந்த கைகள் இல்லாத நாட்டில் பிரிக்கும் உரிமையை வைத்துக் கொண்டு என்ன செய்வது? சட்டம் கதவைத் திறக்கலாம். நடந்து செல்ல வேண்டியவர்கள் நாம்.

எதிர்ப்புக்கு விடை

என் கருத்தை மறுப்போர் மூன்று வாதங்களை முன்வைக்கக் கூடும்.

முதலாவது, ஆபத்து. இது நியாயமான வாதம். நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் அடைத்த ஷாக் அப்சார்பர்களை உரிய கருவிகள் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. வில்லைக் கவ்வியின்றிக் கழற்றக் கூடாது. ராடு வளைந்துவிட்டாலோ, குழலின் உட்சுவர் கீறல் விழுந்துவிட்டாலோ, புதியது வாங்குவதே அறிவுடைமை. எதைப் புதுப்பிக்கலாம், எதைப் புதுப்பிக்கக் கூடாது என்று பிரித்தறியவும் இந்த அறிவுதான் வேண்டும். அறியாதவர் செய்யும் பழுதுபார்ப்பைவிட அறிந்தவர் 'வேண்டாம்' என்பது மேல்.

இரண்டாவது, நேரம். "பாடம் படிக்கவே நேரமில்லை, பட்டறைக்கு ஏது நேரம்?" என்பர். பாகியல் எண், தடையுறு அலைவு, பாஸ்கல் விதி, பலபடிச் சேர்மங்கள் ஆகிய நான்கு பாடங்களும் ஒரே குழலுக்குள் அடங்கியிருக்கும்போது இது எப்படிப் பாடத்துக்குப் புறம்பாகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மேடையில் முழங்குகிறோம். சுரைக்காய் வாசலில் காய்த்துத் தொங்கும்போது கண்ணை மூடிக் கொள்கிறோம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "படித்தவனைக் கைவேலைக்கு அழைப்பது பழைய குலக்கல்வியன்றோ?" என்று கேட்கலாம். 1953-இல் சென்னை மாநிலத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்ததும், மக்கள் கொதித்தெழுந்ததும், 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டதும் நாம் மறக்கக் கூடாத வரலாறு. அந்த எதிர்ப்பு முற்றிலும் சரியானதே. அதனால்தான் நம்மில் பலர் இன்று இக்கல்லூரியின் படியேறி வந்திருக்கிறோம்.

நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. 'இன்னார் மகனுக்கு இன்ன தொழில்' என்றது அத்திட்டம். 'யார் பிள்ளையானாலும் கையும் அறிய வேண்டும், நூலும் அறிய வேண்டும்' என்கிறேன் நான். தமிழிலக்கியம் படிக்கும் மாணவியும் வைஸைப் பிடிக்கலாம். பட்டறையில் வளர்ந்த பையனும் பாய்சுவாய் சமன்பாட்டை எழுதலாம். கையில் கரி படிந்தால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் இருக்கும் வரை, சாதியின் நிழல் நம்மை விட்டு நீங்கவில்லை என்றே பொருள். தொடக்கத்தில் சொன்ன முகச் சுளிப்பின் வேர் இதுவே.

கோவை ஜி. டி. நாயுடுவை (1893–1974) நினைத்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பை முழுமையாகப் பெறாதவர். இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதை ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர் வாழ்வுக்கு, அந்த ஒரு வண்டியே பள்ளிக்கூடமாயிற்று. விளிம்பை நசுக்கி மூடிய வண்டியாக அது இருந்திருந்தால் அவர் எதைத் திறந்து கற்றிருப்பார்?

கல்லூரி செய்யத்தக்கது

குறை கூறுவதோடு நிறுத்திவிடாமல் சில யோசனைகளையும் முன்வைக்க விரும்புகிறேன்.

இயற்பியல் ஆய்வகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு வைஸ், வில்லை அடக்கும் கவ்வி ஒன்று, அளவுசாடி ஒன்று, சில ஸ்பேனர்கள் ஆகியவை போதும். மாதம் ஒரு சனிக்கிழமை, நம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவரை ஆசிரியராக அழைக்க வேண்டும். விருந்தினருக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடும் வழக்கம் போதாது; அவருடைய நேரத்துக்குரிய ஊதியத்தையும் தர வேண்டும். அவர் கையால் காட்டுவதை நம் பேராசிரியர்கள் சமன்பாடாக விளக்கட்டும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்களையும் அழைப்போம். அவர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள மதில் இப்படித்தான் தாழும்.

1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்களில் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அவற்றோடு, முகாம் நடக்கும் சிற்றூரில் இருசக்கர வண்டிகளின் பிரேக்கையும் ஷாக் அப்சார்பரையும் சோதித்துச் சொல்லும் பணியையும் சேர்த்துக் கொள்ளலாம். இருக்கையை அழுத்தி விடுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லையே! வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ வயலிலோ ஊற்றாமல் சேர்த்து வைத்து, உரிய இடத்தில் ஒப்படைக்கும் பழக்கத்தையும் அங்கேயே சொல்லித் தரலாம். 2022 மார்ச் முதல் நாளில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், திறன் பயிற்சியைக் கல்லூரி வாயிலுக்கே கொண்டு வந்தது. திறன் என்றவுடன் கணினித் திரையை மட்டும் எண்ணாமல், ஸ்பேனர் பிடிக்கும் கையையும் எண்ணிப் பார்க்குமாறு அதிகாரிகளை வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் வண்டியில் எண்ணெய்க் கசிவைக் கண்டால் 'எவ்வளவு?' என்று விலை கேட்பதற்கு முன் 'ஏன்?' என்று காரணம் கேளுங்கள். காரணத்தைக் கண்டு சொல்பவருக்கு, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று கவ்வியைப் பிடித்துக் கொடுங்கள். அன்று கையில் ஒட்டும் எண்ணெய் சோப்புப் போட்டால் போய்விடும், கற்றது போகாது.